மூன்றாம் மாடி வாடிக்கையாளர்

வங்கியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற நாகேந்திரத்துக்கு, வீதக் கணக்கைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. மனைவி மனோகரி இணையச் சந்தை ஒன்றில் தேசிக்காய் ஊறுகாய் விற்கிறாள். அவளுடைய ஃபோனை வாங்கிப் பார்த்தவர் கொதித்துப் போனார்.

“ஆயிரம் ரூபாய்ப் போத்தலுக்கு நூற்றெண்பது ரூபாய் கொமிஷனோ? சும்மா இருந்து தின்னுறாங்கள்.”

“ஆக்களைப் பிடிச்சுத் தாறாங்கள்தானே.”

“எந்த ஆக்களை? கிழமைக்கு ஒரு போத்தல் வாங்கிற ஆள் எங்கட ஃப்ளாட்டில மூண்டாம் மாடி. போத்தல் வெள்ளவத்தையில இருந்து பேலியகொடையில இருக்கிற அவங்கட ஸ்டோருக்குப் போய், ஊர் சுத்திப்போட்டு, எங்கட லிஃப்டிலயே ஏறிப் போகுது. தாரும் இஞ்ச, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். கொமிஷன் மிச்சம்.”

போத்தலோடு எழும்பியே விட்டார்.

“மூண்டாம் மாடியில நாலு வீடு. எந்த வீடெண்டு பார்த்தனீங்களோ?”

“எந்த வீடெண்டால் என்ன?”

“உங்கட அண்ணற்ற வீடு.”

நாகேந்திரம் திரும்ப உட்கார்ந்தார். கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை பிடித்து இரண்டு வருடம். அண்ணர் லிஃப்டில் நின்றால் இவர் படியில் இறங்குவார்.

“நீர் செய்யிறதெண்டு அவருக்குத் தெரியாதாக்கும்.”

“போத்தலில என்ர பேர் கிடக்கு. தெரிஞ்சுதான் வாங்கிறார்.”

நாகேந்திரம் போத்தலை மெல்லப் பார்சல் பெட்டிக்குள் வைத்தார்.

“பதினெட்டு வீதம் அப்பிடியொண்டும் பெரிய காசில்லை. அவங்களும் சீவிக்க வேணும்தானே.”

பெட்டியை ஒட்டிக்கொண்டே, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அடுத்த முறை உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடும். அண்ணைக்குப் பிரஷர்.”