செவ்வாய்க்கிழமை நாலு மணி

மூன்று தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இன்னொன்று. மரக்கதவில் வண்டிச் சாவியின் முனை படுகிற சத்தம்.

கழுவிக்கொண்டிருந்த டம்ளர் அவள் கையிலிருந்து நழுவித் தொட்டியில் உருண்டது. கால்கள் அவளைக் கேட்காமலே குளியலறைப் பக்கம் திரும்பின.

ஒன்பது வருஷம் அந்தத் தட்டுக்குக் கதவு திறந்தவள் அவள். புருஷன் வாசலில் கத்தமாட்டான், ஒரு வார்த்தை பேசமாட்டான். சாவியால் தட்டிவிட்டு நிற்பான். உள்ளே வந்த பிறகு கைதான் பேசும்.

அவனை விட்டு வந்து பதினோரு மாதம். ஏழு மாதம் காப்பகத்தில், பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டில். அவளை நெருங்கக் கூடாது என்று அவனுக்குக் கோர்ட் உத்தரவு இருந்தது. காதுக்குள் கேட்கிற சத்தத்துக்கு எந்தக் கோர்ட் உத்தரவு போடும்? யார் கதவைத் தட்டினாலும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

"நீ முதல்ல அந்தக் குளியலறைய விட்டு வெளிய வா. அப்புறம் பிள்ளைய அனுப்புறேன்" என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். மகள் இன்னும் சித்தி வீட்டில்தான்.

காப்பகத்துச் சமூகப் பணியாளர்தான் வழி சொன்னார். "அந்தச் சத்தத்துக்குத்தானே பயப்படுற? அதையே பழகிப் பாப்போம். நம்ம ஜீப் டிரைவர் வந்து அதே மாதிரி தட்டுவாரு. வாயே திறக்கமாட்டாரு. நீ கதவுகிட்ட வந்து, 'திறக்க மாட்டேன், போ'ன்னு சொல்லணும்."

"சொல்ல முடியலேன்னா மேடம்?"

"டீயக் குடிச்சிட்டு அடுத்த வாரம் வருவாரு. நாங்க என்ன ஓடியா போறோம்?"

செவ்வாய்தோறும் நாலு மணி. முதல் வாரம் குளியலறையை விட்டு வரவில்லை. மூன்றாம் வாரம் சமையலறை வாசல் வரை வந்தாள். போன வாரம் கதவுக்கு நாலடி தள்ளி நின்று வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வெளியே டிரைவர் சிரித்துவிட்டார். நாடகத்தில் பிணமாகப் படுக்கப் போட்டாலும் சிரித்துவிடுகிற ஆசாமி.

இன்று சிரிப்பில்லை. கதவுக்கடியில் இரண்டு செருப்புகளின் நிழல் அசையாமல் நின்றது. மறுபடி மூன்று. இடைவெளி. ஒன்று.

கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. மெதுவாக மேலே ஏறியது.

இது ஒத்திகையில் இல்லாதது. 'மேடம் பாடத்தைக் கூட்டிட்டாங்க போல' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தெய்வத்தைக் கும்பிடவில்லை. டிரைவரின் கோணல் மூக்குக்கண்ணாடியை நினைத்துக்கொண்டு நடந்தாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள். மரம் சில்லென்றிருந்தது.

"திறக்க மாட்டேன்." குரல் கரகரத்தது. அது போதவில்லை. அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை வந்தது. "திறக்க மாட்டேன்டா! இது என் வீடு. போ!"

நிழல் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

பிறகு நிழல் விலகியது. செருப்புச் சத்தம் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கி மறைந்தது.

அவள் கதவில் சாய்ந்தபடியே தரையில் சரிந்தாள். வாய் தானாகச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூட்டி வந்துவிடலாம். போனை எடுத்து டிரைவருக்குப் போட்டாள்.

"அண்ணே, நான் பாஸா இல்லையா? 'டா' போட்டதுக்குக் கோவிச்சிக்கிட்டு டீ கூடக் குடிக்காம இறங்கிட்டீங்களே!"

மறுமுனையில் ஜீப் எஞ்சின் இருமி இருமி உயிர்பெற்றது.

"எதுல பாஸு? வண்டி இப்பதான் ஸ்டார்ட்டே ஆச்சு தங்கச்சி, பத்து நிமிஷத்துல வந்து தட்டுறேன்."