சொந்தக்காரர்களுக்கு ஒரு மகள்

‘அகமலர்ச்சிப் பேரரங்கம்’ என்று பலகை மாட்டியிருந்தாலும், அது மனம் சோர்ந்த பிள்ளைகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் விடுதிதான். விருந்தாளி யார் வந்தாலும் அறையைப் பூட்டிக்கொண்டு அழும் நறுமுகையைச் சேர்ப்பதா என்று யோசிக்க, பெற்றோர் அவளையும் அழைத்து வந்திருந்தார்கள்.

இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். “சொந்தக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது சார். பாப்பா இங்க இருக்கிற வரைக்கும் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் பாப்பாவோட ரோபோ நகலை அனுப்பிடுவோம்.”

அச்சு அசல் நறுமுகையைப் போலவே இருந்த நகல் வந்து கும்பிட்டது. “நல்லா இருக்கீங்களா பெரியம்மா? மார்க்கா? தொண்ணூத்தெட்டு!”

அம்மா பூரித்துப்போனாள்.

“இதை அனுப்பிட்டு நான் வீட்டுலயே இருந்துக்கவா?” என்றாள் நறுமுகை.

“சிகிச்சை என்பது ஓர் அகப்பயணம்…” என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

அப்பா குறுக்கிட்டார். “சார், எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? சொந்தக்காரங்களைக் கண்டா எனக்கும் அழுகைதான் வருது.”

“அப்பா, நீங்களுமா?” என்ற நறுமுகை, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.