பழைய பேர்ப் புத்தகமும் புருஷன் பேரும்

சித்திரபுரத்து எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில் மூடுபனி விலகி, காலை வெயில் மேஜைமேல் சரிகிறது. அந்தக் காலத்தில் ஆள் சேர்த்து வந்த கங்காணி தமிழில் எழுதிவைத்த பழைய பேர்ப் புத்தகத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள் வழியே அந்த வெயில் அடுத்த பக்கத்துக்கும் புள்ளி வைக்கிறது. தேயிலை பறிக்கும் சந்தனம், மகளின் சாதிச் சான்றிதழுக்கு, குடும்பத்தில் முதலில் மலையேறி வந்தவரைக் காட்டியாக வேண்டும். கிளார்க் அனில்குமாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அவளே விரலை ஓட்டி, கொழுந்து நிறுக்கும்போது பேர் கூப்பிடும் ராகத்தில் கணீரென்று வாசிக்கிறாள். “சுடலி... மூக்கன்... வெள்ளையன்...” விரல் சட்டென்று நிற்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. “இந்தா இருக்காரு சார்! எங்க வீட்டுக்காரரோட தாத்தா!” அனில்குமார் பேனாவைத் திறக்கிறார். “பேரு சொல்லு சேச்சி, எழுதணும்.” சந்தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தாத்தா பேரைத்தான் பேரனான அவள் புருஷனுக்கும் வைத்திருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை உச்சரித்ததில்லை. “அவுக பேருதான் சார்.” “எவுக பேரு?” பேனா காத்திருக்கிறது. வெட்கத்தில் காது வரை சூடேறுகிறது. மகளை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடக்கிவைத்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்திவிடுகிறாள்:

“பெரியமுத்து!”

தகரக் கூரையில் மைனாக்கள் படபடக்கின்றன. புத்தகத் தூசிக்குத் தும்மல் வருமென்று உள்ளே வராமல் வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன், பேர் கூப்பிடும் இடத்தில் நிற்பவனைப் போலவே குரல் கொடுக்கிறான்:

“இந்தா இருக்கேன்!”