ஆணியில் தொங்கிய கை

பழைய தண்ணீர் மோட்டாரையும் இரும்புக் கட்டிலின் சட்டத்தையும் வைத்து வீட்டிலேயே செய்த ரம்ப மேசை அது. செய்தவர் இறந்துபோக, அவர் மனைவி அதைக் குணசீலனுக்கு விற்றாள். கூடவே ஒரு மரக் கையையும் கொடுத்தாள். பலகையைத் தள்ளுவதற்காக ஐந்து விரல்களோடு செதுக்கிய கை.

"பிளேடு பக்கம் இதைத்தான் கொண்டு போகணும். எங்க வீட்டுக்காரர் பத்து விரலோடதான் போய்ச் சேர்ந்தார்," என்றாள்.

குணசீலன் அதை ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்டினார். முதல் வாரமே, ஒரே ஒரு வெட்டுதானே என்று வெறுங்கையால் பலகையைத் தள்ளினார். மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினால், ஆணியில் தொங்கிய கையில் சுண்டுவிரல் இல்லை. மேசைக்கடியில் மரத்தூளில் கிடந்தது. அவர் தன் விரல்களை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன.

பயம் இரண்டு நாள்தான் இருந்தது. அப்புறம் அதுவே தைரியமாகிவிட்டது. வெறுங்கையாலேயே தள்ளினார்; மரக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விழுந்து, ஐப்பசி முடிவதற்குள் அதில் உள்ளங்கை மட்டும் மிஞ்சியது.

"இதை வச்சு எப்படிங்க தள்ளுவீங்க? புதுசா ஒண்ணு செஞ்சுக்குங்க," என்றாள் மனைவி தவமணி.

அவருக்கும் அது சரியென்று பட்டது. தேக்குப் பலகையில் தன் இடது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தார். விரல்களை உளியால் செதுக்கிக்கொள்ளலாம். முதலில் பலகையை மட்டும் அந்த அகலத்துக்கு அறுத்தாக வேண்டும்.

ஆணியை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஒரே ஒரு வெட்டுதானே என்று சுவிட்சைப் போட்டார்.