பாதி உறுமல்

மார்ச் பதினேழாம் தேதி பிற்பகல், ஓர் ஒலிக்கலவைக் கூடத்தின் இரண்டாவது மாடியில், அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் கொண்ட எலெக்ட்ரானிக் இசைக்குழு தயாரிப்பாளரின் நிபந்தனைக்குச் சம்மதித்தது.

அதற்குச் சற்று முன்புவரை சண்டை.

"கொலைகாரன் மாடிப்படி ஏறுறான்," என்றார் தயாரிப்பாளர், திரையைக் காட்டி. "பின்னாடி உங்க மெஷின் உர்ருன்னு உறுமிக்கிட்டே இருக்கு. ஜனங்க என்ன நெனைப்பாங்க? தியேட்டர்ல கரண்ட் போயிடுச்சு, ஜெனரேட்டர் ஓடுதுன்னு நெனைப்பாங்க. எங்க வீட்ல இதைக் கேட்டுட்டு வயித்தைக் கலக்குதுங்கறாங்க."

"அதுக்குத்தான் சார் போட்டிருக்கோம்," என்றான் தம்பி.

அந்த உறுமல் அவன் பிள்ளை. பழைய சிந்தசைசர் ஒன்றின் அடிவயிற்றிலிருந்து அதை வெளியே இழுக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. படத்தில் கத்தி கண்ணில் படாது, ரத்தம் கிடையாது. பயம் மொத்தமும் அந்த ஒற்றை ஸ்வரத்தில்தான் இருந்தது.

கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் பழுது. கதவு தானாகத் திறந்துகொண்டு, வராந்தாவில் யாரோ போனில் கத்துவதை உள்ளே விட்டது. அக்கா தன் பைக்குள் துழாவி ஒரு கறுப்பு ஒயரை எடுத்துத் தம்பியிடம் வீசினாள்.

"முதல்ல அதை இழுத்துக் கட்டுடா."

அவன் கைப்பிடியைச் சுவர்க் கொக்கியோடு சேர்த்துக் கட்டினான்.

"சத்தம் பாதியாகணும்," என்றார் தயாரிப்பாளர். "இல்லேன்னா நாளைக்குக் காலைல வேற ஆள் வர்றாரு. படம் முழுக்க வயலின் போட்டுக் குடுத்துடுவாரு. உங்களது ஒரு துளிகூட இருக்காது."

"வரட்டுமே சார். வயலினைக் கேட்டு யாரு பயப்படறாங்கன்னு பாத்துடலாம்."

"தம்பியை அடக்கி வைம்மா."

இயக்குநர் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது முதல் படம். அவர் வாய் அன்றைக்கு நகத்துக்கு மட்டும்தான் திறந்தது.

அக்கா எழுந்தாள். "சரி சார். அளவை நீங்களே வச்சுடுங்க."

"அக்கா!"

"நீ சும்மா இரு."

பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள். நடுவில் ஒரே ஒரு பெரிய குமிழ். பேட்டரியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கலவை மேசையில் கிடந்த ஒயர்க் குவியலுக்கு நடுவே அதை வைத்துவிட்டு, தயாரிப்பாளருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இந்தப் பக்கம் திருப்பினா உறுமல் குறையும் சார். உங்க காதுக்கு எது சரியோ, அங்க நிறுத்துங்க."

சவுண்ட் இன்ஜினியர் காட்சியை ஓடவிட்டார். படிக்கட்டு. நிழல். கைப்பிடிச் சுவரில் ஊர்ந்துவரும் விரல்கள். தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, பால் பொங்கும் முன் அடுப்பைத் தணிப்பவர் போலக் குமிழைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங்! இப்பதாம்மா இசை மாதிரி இருக்கு. காலடிச் சத்தம்கூடத் தனியாக் கேக்குது பாரு!"

உறுமல் தேய்ந்து தேய்ந்து, மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்ட ஈயின் ரீங்காரமாகிவிட்டது போலிருந்தது தம்பிக்கு. சவுண்ட் இன்ஜினியர் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"இப்படியே இருக்கட்டும். இதுக்கு மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டோம் சார். சத்தியமா," என்றாள் அக்கா.

தம்பி கட்டை அவிழ்த்து வழிவிட்டான். தயாரிப்பாளர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இயக்குநரோடு படியிறங்கினார். தம்பி கதவை மறுபடியும் கட்டினான். இந்த முறை யாரையோ கட்டிப்போடுவது போல, முடிச்சுக்கு மேல் முடிச்சாக.

"டைட்டில்ல என் பேரு வேணாம்," என்றான்.

"ஏண்டா?"

"ஏனா? அந்தாளு ரெண்டு விரலால கழுத்தை நெரிச்சுட்டுப் போறாரு. நீ அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுறே! வேற ஆளையே வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்திருக்கணும். முதுகுத்தண்டுல ஏற வேண்டிய சத்தம், இப்ப கொசு மாதிரி ஆயிடுச்சு."

"குறைஞ்சதை நீ கேட்டியா?"

"என் காதாலயே கேட்டேன். என் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அக்கா சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் அந்தக் காட்சியின் இறுதிப் பதிவைத் தொடங்கினார்.

சுவரில் அடித்து நொறுக்கப்போகிறவன் போல, தம்பி அந்தப் பெட்டியை வெடுக்கென்று இழுத்தான். ஒயர்க் குவியல் அசையவில்லை. பெட்டி மட்டும் தனியாகக் கையோடு வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தபடி. திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒயர் செருகும் துளை காலியாக இருந்தது.

"இதோட ஒயர் எங்கே அக்கா?"

"ரெண்டு தடவை கதவைக் கட்டினியே, அதுதான்."