வலது காலுக்கு ஒரு செருப்பு

மூன்றாவது ஓட்டையும் கோணலாகப் போய் விழுந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தாள். உடனே எடுத்தாள். எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்தாள். மண்டபத்துக்குப் போகும் வண்டி நாலு மணிக்குத்தான் வரும். தெரிந்தும் எழுந்து எழுந்து போகிறாள். இருப்புக்கொள்ளவில்லை.

"கையில மருதாணிய வச்சுக்கிட்டு எவளாவது சுத்தியலைத் தூக்குவாளாடி? அதுவும் நான் காய் நறுக்குற பலகையில, தோலு!" அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்.

கத்தட்டும்.

இன்று சாயங்காலம் அவளுக்கு நிச்சயதார்த்தம். அப்பா வரமாட்டாராம்.

"தட்டை உன் சித்தப்பா மாத்தட்டும். என் காலுக்கு எந்தச் செருப்பு நுழையுது?" ஒரு வாரமாக இதே பல்லவி.

அவருக்கு வலது காலில் யானைக்கால். போன வருஷம் வெறுங்காலோடு போய், முள் குத்தி, காய்ச்சலில் கிடந்தார். இனிமேல் செருப்பில்லாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை.

செருப்பு தைப்பவரிடம் போகலாம் என்றால், அங்கே காலை நீட்ட வேண்டும். பெற்ற மகளிடமே நீட்டாத கால்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டாள். இருப்பதிலேயே பெரிய செருப்பாக வாங்கி, மேல் வாரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நீளமாக ஒரு தோல் வாரும் அதை மாட்ட ஒரு பக்கிளும் வைத்துத் தைத்தாயிற்று. வீடியோவில் ஒரு பெண் துளை போடும் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டுகிறாள், வட்டமாக ஓட்டை விழுகிறது. இவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கிறது.

அது கூடப் பரவாயில்லை. எந்த இடத்தில் போடுவது? அதுதானே தெரியவில்லை.

காலையில் இஞ்சு டேப்போடு போய் நின்றாள். அவர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"போ. போயித் தலையை வாரு."

அம்மா தேய்த்து வைத்த பட்டு வேட்டியும் அவர் அறை பீரோவுக்குள் திரும்பிப் போய்விட்டது.

மாப்பிள்ளைக்கு அப்பாவின் காலைப் பற்றித் தெரியும். பேசிய முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனாலென்ன என்றான் அவன். அவனுக்கு ஒன்றுமில்லை, இவருக்குத்தான்.

மண்டப வாசலில் எப்படியும் கழற்றத்தான் போகிறார். ஆனால் வாசல் வரைக்கும் போக வேண்டுமே! செருப்பு இருந்தால் அப்புறம் என்ன சாக்குச் சொல்வார், பார்த்துவிடலாம்.

குத்துமதிப்பாகப் போட்ட மூன்று ஓட்டைகளோடு செருப்பை அவர் அறை வாசலில் வைத்தாள். கதவு சாத்தியிருந்தது.

"அப்பா, வெளியில வச்சிருக்கேன்."

கதவை ஒரு தட்டுத் தட்டினாள்.

"போட்டாப் போடுங்க, போடாட்டிப் போங்க!"

அவர்மேல் அப்படி ஒரு கோபம். அதைவிட, அவர் இல்லாத மேடையில் போய் உட்கார வேண்டுமே என்ற பயம். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

தூக்கி எறியத்தான் எடுத்தாள்.

வாரின் நுனியில், நீல மையில் ஒரு புள்ளி.

அவள் வைத்ததல்ல. பேனாவை அழுத்தி, திருகித் திருகி வைத்த புள்ளி. கடைசி ஓட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது.

அவ்வளவு வீங்கிவிட்டதா? ஐயோ, இத்தனை நாளாக அவளுக்குத் தெரியவே இல்லையே.

புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நெல்லளவுதான் இடம். பிய்ந்தால் போச்சு. வேறு தோலும் இல்லை.

பலகையைக் கொண்டுவந்து அந்த வாசலிலேயே போட்டாள். உளியைப் புள்ளிமேல் நிறுத்தினாள்.

அடித்தாள்.

பிய்யவில்லை.

"அம்மா! சித்தப்பாவைத் தட்டைத் தொட வேண்டாம்னு சொல்லு!"

அடுக்களைக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், பீரோ கிறீச்சென்று திறந்தது.