முழங்கால் வரைக்கும்

பன்னிரண்டு பத்து. ஜன்னலுக்கு மேலே அந்தக் கால்கள் வந்து நின்றன.

ரோனா சூப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். அவள் வீடு தெருமட்டத்துக்குக் கீழே இருந்தது. சமையலறை ஜன்னலில் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் தெரியும், அதுவும் முழங்கால் வரைக்கும்தான்.

ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டுகிற பாவாடையான கில்ட், பச்சைக் கட்டம் போட்ட அதன் ஓரம். தடித்த வெள்ளைக் காலுறை. வலது காலுறையின் மடிப்பில் செருகிய சிறு கத்தி, அதன் கறுப்புப் பிடி மட்டும் வெளியே.

"எஃபி, வந்துட்டான்!"

மாடி வீட்டு எஃபி டீக் கோப்பையோடு ஜன்னலுக்கு ஓடி வந்தாள். "கத்தி வேற வச்சிருக்கானே!"

"கில்ட் கட்டினா காலுறையில கத்தி வைக்கிறது வழக்கம்தானே?"

"கல்யாணத்துக்குக் கட்டினா சரி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எதுக்குக் கட்டுறான்? வேலை நாள்ல இப்படித் திரியிறவன் ஒண்ணு கல்யாண மாப்பிள்ளையா இருக்கணும், இல்ல பேக்பைப் வாத்தியம் ஊதுறவனா இருக்கணும். ரெண்டும் இல்லேன்னா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் கால்களைத் தாண்டிப் போகும்போது விசில் அடித்தார்கள். பின்னாலேயே தபால்காரர் வந்தார். வாசலுக்கு இறங்கும் படிக்கட்டில், வழக்கம்போல மேல்படியில் கால் வைத்துத் தடுமாறினார், வழக்கம்போல அந்தக் கல்லைத் திட்டினார். ஒரு வருடமாக ஆடுகிற கல்.

திரும்பி ஏறும்போது கில்ட்காரனைச் சீண்டினார். "என்னப்பா, அடியில காத்து நல்லா வருதா?"

மூன்று வாரமாக யார் என்ன கேலி செய்தாலும் அவன் வாய் திறந்ததில்லை.

தபால்காரர் போனதும் ஒரு கால் மேல்படியைத் தாண்டி இரண்டாம் படியில் இறங்கியது. கால் அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் கழித்து, வந்த வழியே ஏறிப் போய்விட்டது.

"இன்னிக்குப் படி. நாளைக்குக் கதவுதான்," என்றாள் எஃபி. "போன மாசம் பதினாலாம் நம்பர் வீட்டுல பூட்டை உடைச்சானே, அவனும் இப்படித்தான் நோட்டம் விட்டிருப்பான். நீ பகல் முழுக்கத் தனியா இருக்கேன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்."

அன்று மாலை ஆறு மணிக்கு, இன்சூரன்ஸ் ஆபீஸ் கோட்டு சூட்டோடு ரோனாவின் கணவன் ஸ்ட்ரூவன் வீட்டுக்கு வந்தான்.

"ஆபீஸ்ல என்ன?"

"அதே கதைதான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு அவன் படியில கால் வச்சா, போலீஸுக்கு போன் பண்ணிடுவேன்."

ஸ்ட்ரூவனின் கரண்டி பாதியில் நின்றது. "போலீஸா? பாவம், யாரையாவது பார்க்க வந்திருப்பான். கூப்பிடத் தயங்கி நிக்கிறானோ என்னவோ."

"மூணு வாரமாவா? நீயா இருந்தா அப்படி ஒரு வேஷத்துல நடுத்தெருவுல நிப்பியா?"

"செத்தாலும் நிக்க மாட்டேன்," என்றான் சூப்பைப் பார்த்தபடியே. அது உண்மைதான். ஊரே வற்புறுத்தியும் தங்கள் கல்யாணத்துக்குக் கில்ட் கட்டாமல் கால்சட்டையோடு வந்து நின்றவன் அவன். அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அம்மா இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ரோனா..." என்றான்.

"என்ன?"

"உப்பு எடு."

மறுநாள் மழை. எஃபி கையில் போனோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கணப்புக் கிளறும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோனா ஜன்னலோரம் நின்றாள்.

பன்னிரண்டு பத்து. கால்கள் வந்தன. வெள்ளைக் காலுறை நனைந்து தொங்கியது. இன்று அவை தயங்கவில்லை. மேல்படியைத் தாண்டி இரண்டாம் படி, மூன்றாம் படி என்று இறங்க ஆரம்பித்தன.

"வர்றான்! நான் போன் பண்றேன்!" எஃபியின் விரல் எண்களைத் தட்டியது.

ரோனா மேல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டுகிற மழையில், தடவிக்கூடப் பார்க்காமல் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டது அந்தக் கால். தினமும் வருகிற தபால்காரருக்கே இன்னும் பழகாத கல்.

கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு. அதன் மார்பில் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலின் பெயர். வாயிற்காப்போன் தொப்பி கையில் இருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

"ஆபீஸ்ல ஆளைக் குறைச்சுட்டாங்க. மூணு வாரமா இந்த யூனிஃபார்ம்ல ஹோட்டல் கதவைத் திறந்து விடுறேன்," என்றது குரல். "தினமும் சொல்லிடணும்னுதான் வந்தேன். படியிறங்கத்தான் தைரியம் வரல."

ரோனா அந்தத் தொப்பியை வாங்கி மழைத்தண்ணீரை உதறினாள்.

சமையலறையிலிருந்து எஃபி அலறினாள். "ரோனா! போலீஸ் லைன்ல இருக்காங்க! வந்திருக்கிறது யாருன்னு கேக்குறாங்க!"

"என் புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கான்னு சொல்லு."